ஏழு வயதுக்கு முழுப்பல் கட்டியவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் எனக்குத்தான் கேவலம். வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்குப் பல் பார்த்த எனக்கு, என் வாயில் ஒரு பால் பல் இருப்பது நாற்பது வயதுவரை தெரியாது.

கீழ்த்தாடையில் வலப்பக்கம் இருக்கிறது. அதற்கு அடியில் வரவேண்டிய நிரந்தரப் பல் பிறவியிலேயே கிடையாது. புதிதாகக் குடிவர ஆள் இல்லாததால் பழைய ஆள் காலி செய்யவில்லை. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு நான் கரும்பு தின்றிருக்கிறேன், கல்யாண வீடுகளில் சீர்முறுக்கை உடைத்திருக்கிறேன், "எண்ணாமல் ஒரு குழந்தையின் வாயையும் மூடாதீர்கள்" என்று மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். என் வாயை மட்டும் எண்ணவில்லை.

தெரியவந்த விதம் இன்னும் விசேஷம். திருச்சி புத்தூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, மொத்தத் தாடையையும் ஒரே படமாக எடுக்கிற ஓ.பி.ஜி. மிஷின் புதிதாக வந்தது. கம்பெனி ஆள், "யாராச்சும் ஒருத்தர் நில்லுங்க சார், ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். எதிலும் முந்திக்கொள்கிற சுபாவம் எனக்கு. போய் நின்றேன். படம் கழுவி வந்ததும் மாணவர்களைக் கூட்டி, இது யார் வாய் என்பதைச் சொல்லாமல், என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒரு மாணவி அந்த வலது மூலையையே உற்றுப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் சின்னப் பையனா சார்?" என்றாள்.

எங்கள் துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடம் அந்தப் பக்கமாக வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் சும்மா இருக்கிறேன். போன மாதம் ஜூனியர்கள் சிலர் வந்து ஒரு புது சாஃப்ட்வேரைக் காட்டினார்கள். எக்ஸ்ரேயைக் கொடுத்தால், எந்தப் பல் பிறவியிலேயே இல்லையோ அந்த இடத்தில் அதுவே சிவப்பு வட்டம் போடுகிறது. என் பழைய படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். நான் கையை எடுப்பதற்குள் வட்டம் போட்டுவிட்டது. வயதுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனையாவது செய்திருக்கலாம். "வட்டம் போடறதுக்கு ஆள் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க? ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிவிட்டேன். இனிமேல் பொறுப்பு அவர்களுடையது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேர்ந்தேன், திணறினேன், தேறினேன். மெழுகில் பல் செதுக்கும் தேர்வில் நான் செதுக்கிய கடைவாய்ப்பல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த எக்ஸாமினர், இதில் மேல் எது கீழ் எது என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். உண்மையில் நான் தொழில் கற்றது ஸ்டெல்லா மேடத்திடம்தான்.

மேடம் ஆளே நாலே முக்கால் அடி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. காலைப் பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்; நாங்கள் வரும்போது நாலு குழந்தைகளைப் பார்த்து முடித்திருப்பார். தந்தி கொடுப்பவர்போலத்தான் பேசுவார், வார்த்தைக்கு இவ்வளவு காசு என்பதுபோல. நானோ ஓசித் தந்தி ஆபீஸ். எனக்கு நாற்பத்தைந்து வயதான பிறகும் "ரங்கா, வாயை மூடு, அவன் வாயைத் திறக்கட்டும்" என்பார். நான் மூடினால்தான் குழந்தை திறக்கும் என்பது அவருடைய மருத்துவக் கண்டுபிடிப்பு.

அவர் குழந்தையைப் பார்க்கும் முறை மாறவே மாறாது. முதலில் கண்ணாடி மட்டும்தான். ஊசி, இடுக்கி எதுவும் தட்டிலேயே இருக்கக்கூடாது. பிறகு எண்ண வேண்டும். அவர் மட்டும் எண்ணினால் போதாது, குழந்தையும் கூடவே சத்தமாக எண்ண வேண்டும். கண்ணாடி ஒவ்வொரு பல்லாகத் தொடத் தொட, வாயைத் திறந்துகொண்டே "ஒண்ணு... எண்டு... ஊணு..." என்று அது எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் பயம் போய்விடும். அதன்பிறகு விரல். ஈறின் வெளிப்பக்கமாக விரல் நுனியால் மெல்லத் தடவினால், உள்ளே வரப்போகிற பல் மொச்சைக்கொட்டைபோலத் தட்டுப்படும். தட்டுப்பட வேண்டிய இடத்தில் படவில்லை என்றால் எக்ஸ்ரே.

பால் பல்லைப் பிடுங்க யாராவது இடுக்கியை எடுத்தால், எக்ஸ்ரே எங்கே என்று கேட்பார். இல்லை என்றால் முடிந்தது. "குடிவர ஆள் இருக்கான்னு பாக்காம, இருக்கறவனைக் காலி பண்ணச் சொல்லாதே." அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் இதுதான். பல் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. சில பற்களின் முளை, எக்ஸ்ரேயில் தெரியவே எட்டு ஒன்பது வயதாகும். ஆறு வயதுக் குழந்தையின் படத்தைப் பார்த்து ஒரு பல் இல்லை என்று தாய் தகப்பனிடம் நான் சொல்லப் போக, இரண்டு வருடம் கழித்து அந்தப் பல் அமர்க்களமாக வந்து இறங்கியது. அதன் தகப்பனார் என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எங்கே பார்த்தாலும், "வந்துருச்சு சார்" என்று பஸ்ஸுக்குள்ளிருந்தே கத்துவார்.

சிரித்துக்கொண்டே செய்த வேலைகளும் உண்டு. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அந்தோணிசாமி என்றொரு ஃபிட்டர் தன் மகளைக் கூட்டி வந்தார். மேலே நடுப்பல் இரண்டுக்கும் பக்கத்துப் பற்கள் பிறவியிலேயே இல்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. சிரிக்கும்போதெல்லாம் கை வாய்க்குப் போய்விடும். வழி இரண்டு. ஒன்று, இடைவெளியை அப்படியே காப்பாற்றி வைத்திருந்து, தாடை வளர்ந்து முடித்ததும் எலும்பில் திருகாணி இறக்கிப் பல் பொருத்துவது. இன்னொன்று, அடுத்திருக்கிற கோரைப்பல்லைக் கம்பி கட்டி முன்னால் நகர்த்தி, கூர்முனையைத் தேய்த்து, பக்கத்துப் பல்போல ஆக்கிவிடுவது. இதை நான் காகிதத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அரைமணி நேரம் விளக்கினேன். அந்தோணிசாமி பொறுமையாகக் கேட்டார்.

"பின்னாடி பெட்டிய முன்னாடி ஷண்ட் பண்ணி கோக்கப் போறீங்க. அவ்வளவுதானே சார்?"

அவ்வளவுதான். எவ்வளவு நாளாகும் என்றார். இரண்டு வருடம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அந்த நேரத்தில் ஒரு முழு ரயிலையே பிரித்துப் பூட்டிவிடலாம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. இரண்டு வருடமும் மாதம் தவறாமல் வந்தார், வந்ததும், "வண்டி எங்க சார் நிக்குது?" என்பார். கடைசியில் வண்டி வந்து சேர்ந்தது. அந்தப் பெண் இன்றைக்கு டீச்சர். கையை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஜூனியர்கள் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். கதிர் என்கிற பையனைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கதிரை அவன் அம்மா செல்வராணி கூட்டி வந்தது ஒரு மே மாதத்தில், நல்ல அக்னி நட்சத்திரத்தில். வையம்பட்டிக்கும் உள்ளே தள்ளி ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அந்த மாதத்தில் திருச்சி எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கையுறையைக் கழற்றினால் அரை டம்ளர் வேர்வை கொட்டும்.

அவனுக்கு ஏழு வயது. மேலே முன்பக்கம் இரண்டே பற்கள், ஆணி நுனிபோலக் கூராக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி. நடுவில் வெட்டவெளி. கடைவாயில் நாலைந்து. கீழே முன்பக்கம் ஒன்றுமே இல்லை. தலையில் பூனைமுடிபோல லேசான முடி. சமயபுரத்தில் இரண்டு தடவை மொட்டை போட்டும் அடர்த்தியாக வளரவில்லை என்றார் அம்மா. இத்தனைக்கும் நடுவே என் கண்ணில் முதலில் பட்டது அவன் சட்டைதான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வராந்தாக் குழாயில் தலையைக் கொடுத்துவிட்டு நேராக உள்ளே வந்திருக்கிறான்.

காவேரியில் தண்ணீர் இல்லையென்று இங்கே வந்து குளித்துவிட்டாயா என்று கேட்டேன். வழக்கமாக என் முதல் ஜோக்குக்குக் குழந்தைகள் சிரித்துவிடும். நான் அந்தச் சந்தில் எட்டிப் பார்த்துப் பாதிப் பல்லை எண்ணிவிடுவேன். இவன் சிரிக்கவில்லை. உதட்டை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டான்.

செல்வராணி எல்லாவற்றையும் சொன்னார். பள்ளியில் அவனை நரி என்று கூப்பிடுகிறார்கள். அது போதாதென்று இவன் மணிக்கொருதரம் ஓடிப்போய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். வகுப்பில் உட்காராமல் விளையாட்டுக் காட்டுகிறான் என்று பி.டி. வாத்தியார் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். மயங்கி விழுந்து, உடம்பு அனலாகக் கொதித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வைரஸ் காய்ச்சல் என்றார்கள். திரும்பிப் போனான், திரும்பவும் அதேதான். மாசி மாதத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறாங்க டாக்டர். போகவே மாட்டேங்கறான். பல்லு மட்டும் கட்டிக் குடுத்துட்டீங்கன்னா போயிருவாங்க. அதுக்குள்ள முடியுங்களா?"

முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பதில் நான் கர்ணன். எக்ஸ்ரே எடுத்தேன். தாடை முழுக்கக் கோடைக்காலத்துக் காவேரிபோலக் காலியாகக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முளை. வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டி, எத்தனை பல் இல்லை என்று நான் உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவனுக்கு அப்படிப்பட்ட படம் கிடைப்பது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு விருந்து.

மேடம் வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார். அவன் பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். அங்கே சட்டை அதற்குள் காய்ந்திருந்தது. பிறகு, வேர்த்து விறுவிறுத்து நின்ற என்னைப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பினார்.

"இவனுக்கு வேர்க்குமா?"

செல்வராணி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டார். ஏழு வருடத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "வேர்த்து... நான் பாத்ததே இல்லைங்களே" என்றார்.

விஷயம் இதுதான். கருவில் குழந்தையின் மேல்தோலாகிற படலத்திலிருந்துதான் பல்லும் முளைக்கிறது, முடியும் முளைக்கிறது, வேர்வைச் சுரப்பியும் உண்டாகிறது. அந்தப் படலத்தில் பிசகினால் மூன்றிலும் பிசகும். கதிருக்கு வேர்வைச் சுரப்பிகள் இல்லை. வேர்க்காத உடம்பில் வெயில் உள்ளேயே தங்கிவிடும். அதுதான் காய்ச்சல், அதுதான் மயக்கம். நனைந்த சட்டை காயும்போது உடம்பு குளிரும். ஏழு வயதில் தன் நோய்க்குத் தானே மருந்து கண்டுபிடித்து, தானே எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தவனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சேட்டைக்காரன் என்றோம். நான் அதை வைத்து ஜோக்கும் அடித்தேன்.

மேடம் அதோடு விடவில்லை. அம்மாவைப் பார்த்து, கொஞ்சம் சிரியுங்கள் என்றார். சிரிக்கிற நிலைமையிலா இருக்கிறோம் என்பதுபோல் செல்வராணி என்னைப் பார்த்தார். நானும் சிரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் அரிசி மணிபோலக் குட்டியாக இருந்தது. மேடம் தலையை லேசாக ஆட்டினார். இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியாக வரும். தாயிடம் ஒரு சின்ன அடையாளமாக நின்றுவிட்டு, மகனிடம் முழுதாக இறங்கும். மேடம் இதை விளக்கவில்லை. செல்வராணியே புரிந்துகொண்டார். அந்தக் குட்டிப் பல்லை நாக்கால் ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"எங்கிட்டேருந்துதான் வந்துச்சுங்களா?"

"கண்ணு, மூக்குகூட உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. அதுக்கு யாராவது சண்டைக்கு வந்தாங்களா?" என்றார் மேடம்.

செல்வராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் தன்னிடம் கூட்டி வரச் சொன்னார் மேடம். பிறகு அங்கேயே, அம்மாவின் செல்போனிலிருந்து ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டார். "சார், கதிரோட சட்டை நனைஞ்சிருந்தா திட்டாதீங்க. அந்தச் சட்டைதான் அவனுக்கு வேர்வை" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பக்கெட் வைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். காய்ச்சல் விஷயத்துக்குக் குழந்தை மருத்துவரிடமும் அனுப்பினோம்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் அப்படி முடிந்தது. பல் விஷயம் என் கையில் இருந்தது. ஆகவே அது முடியவில்லை.

முதல் கஷ்டம் அச்சு எடுப்பது. ரோஸ் நிறக் களிம்பைத் தட்டில் குழைத்து வாய்க்குள் வைத்தால், பெரியவர்களுக்கே குமட்டும். குழந்தைகளுக்கு நான் ஒரு வித்தை வைத்திருக்கிறேன்: இடது காலைத் தூக்கிக்கொண்டு மின்விசிறியின் இறக்கையை எண்ணச் சொல்வேன். இரண்டு வேலை கொடுத்தால் குமட்டுவதற்கு நேரமிருக்காது. கதிர் காலைத் தூக்கினான், எண்ணினான், அப்புறம் என்மேலேயே வாந்தி எடுத்தான். இரண்டாவது தடவை அச்சு கிடைத்தது.

அடுத்த கஷ்டம் எலும்பு. பல் இருந்தால்தான் தாடையில் அதைத் தாங்க மேடு வளரும். பல்லே இல்லாத இடத்தில் மேடு எதற்கு? கீழ்த்தாடை ஈறு வரப்பின் உச்சிபோல ஒல்லியாக இருந்தது. அதன்மேல் எதை வைத்தாலும் வழுக்கும். மேலேயாவது அந்த இரண்டு ஆணிப்பற்கள் இருந்தன. பல் நிறப் பசையை அவற்றின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விளக்குக் காட்டி இறுக்கி, உருவம் கொடுத்தேன். கூர் மறைந்து நல்ல பல்லானது. பல் செட்டைத் தாங்குகிற பிளேட்டின் கம்பியை அவற்றில் மாட்டலாம் என்று வழி பிறந்தது. நரியை ஒழித்துவிட்டேன் என்று அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது, பல். கடையில் விற்கிற செட் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைக்கு வேண்டுமென்றால் இருப்பதிலேயே குட்டியாக வாங்கி ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ரீரங்கத்து வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேய்த்தேன். "சாத்தமுதுல கடக்குன்னு ஏதாவது பட்டா என்னைக் கேக்கப்படாது" என்றாள் ரசம் வைத்துக்கொண்டிருந்த மனைவி. அவளுக்குக் கலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் கட்டிய செட் கலைதான். மெழுகில் பல் செதுக்கி அவமானப்பட்டவன், வாழ்க்கையில் முதல்முறையாகப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். முத்துக் கோத்ததுபோல வரிசை. ஒரு சந்து இல்லை, ஒரு கோணல் இல்லை.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது மாட்டினேன். செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட வந்திருந்த அவன் அப்பா, "மாப்பிள்ளை கணக்கா இருக்கான் சார்" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். கதிர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான். வாயை மூடினான். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டானாம்.

மூன்று நாள் கழித்து அம்மா போன் செய்தார். போட மாட்டேன் என்கிறான். ஒருநாள் செட்டைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் பார்த்ததில், அரிசி டிரம்முக்குள் கிடந்தது. வலிக்கிறது போலிருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றேன். வந்தார்கள். ஈறில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இருந்தும் ஒரு ஓரத்தைத் தேய்த்தேன். மறுபடி போன், மறுபடி வந்தார்கள், மறு ஓரத்தைத் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறி, அந்த வெயிலில், மடியில் ஈரத்துண்டோடு வருவார்கள். நான் தேய்த்த தேய்ப்பில் இன்னும் இரண்டு தடவை வந்திருந்தால் பிளேட் அப்பளமாகியிருக்கும். மருத்துவன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன், அவனிடம் கேட்பதைத் தவிர.

மறுநாள் பள்ளி திறக்கிறது. கடைசியாக ஒருமுறை என்று வந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணி களைத்துப் போயிருந்தார். இனிமேல் கட்டாயப்படுத்த வேண்டாம், இந்த வருடமும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். நான் வழக்கம்போலத் தேய்க்கிற மிஷினை எடுத்தேன். மேடம் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஏண்டா போட மாட்டேங்கறே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேடம் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினார். அந்த அறையில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவனே, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் முன்பல்லு விழுந்திருச்சு. எனக்கு மட்டும் இவ்ளோ இருக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. இரண்டாம் வகுப்பு. எந்த ஊரில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், எல்லாம் ஓட்டை வாய்தான். நடுவில் ஒன்று விழுந்திருக்கும், ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், ஒன்று பாதி முளைத்திருக்கும். அது என் பாடம். வருடா வருடம் கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்திய பாடம். அந்த ஓட்டை வாய்களுக்கு நடுவே முத்துக் கோத்த முழு வரிசையோடு இவனை உட்கார வைக்கப் பார்த்திருக்கிறேன். பல் இல்லாதபோது நரி. என் செட்டோடு போனால் கல்யாண மாப்பிள்ளை. எப்படியும் அவன் தனி ஆள்தான்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏழு வயசுல யாருக்கு ரங்கா முழுப்பல் இருக்கும்? ஒண்ணை எடு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்த பல்லை, நடுவில் இருந்த ஒன்றை, நானே அறுத்தேன். மிச்சப் பற்களுக்கு நடுவிலும் மெல்லிய ரம்பத் தகட்டை ஓட்டிச் சந்து விட்டேன். பால் பற்கள் இந்த வயதில் அப்படித்தான் விலகி நிற்கும். அறுத்த இடத்தை வழவழப்பாக்கி மாட்டிவிட்டேன். என் கலை நாசமாகி, ஒரு சாதாரணப் பயலின் வாய் கிடைத்தது. கதிர் கண்ணாடியில் பார்த்தான். ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்த்தான். பிறகு, நான் அவனைப் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக, சிரித்தான். அப்புறம் என்னிடம் கையை நீட்டினான்.

"அந்தப் பல்லக் குடுங்க."

எதற்கு என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். செல்வராணிதான் சொன்னார். ஊரில் பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால், சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள், புதுப் பல் நன்றாக முளைக்கும் என்று. ஒவ்வொருவனுக்கும் விழும்போது தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று பார்க்கும். இவனும் போய் நிற்பானாம். போடுவதற்கு இவனிடம் மட்டும் ஒன்றும் இருந்ததில்லை.

மேடம் எழுந்து, அடுத்த பேஷன்ட் யார், ஏன் இவ்வளவு நேரம் என்று வாசலைப் பார்த்து அதட்டினார். வாசலில் யாருமே இல்லை.

அறுத்த பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். கதிர் அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். டவுசர் பையை நம்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் செல்வராணி போன் செய்தார். பள்ளிக்குப் போய்விட்டு வந்தான். வேப்பமரத்தடியில் பக்கெட்டும் மக்கும் வைத்திருக்கிறார்கள். கதிருக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்று வகுப்பில் அடிதடியாம். தலைமை ஆசிரியர் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டிருக்கிறார். பல்லை முந்தின நாளே கூரைமேல் போட்டாயிற்று. தெருவே கூடி நின்று பார்த்ததாம்.

அதற்குப் பிறகு அவன் வளர வளர எத்தனையோ செட் மாற்றினோம். பெரியவனானதும் திருகாணி இறக்கி நிலையான பல்லே வைத்தார்கள். அதெல்லாம் எனக்குப் பின் வந்தவர்களின் கைவண்ணம், அவர்கள் எழுதட்டும். என் பங்குக்கு மிஞ்சியது அந்த வருடத்துக் காலாண்டு லீவு.

அம்மாவோடு வந்து நாற்காலியில் தானாகவே ஏறி உட்கார்ந்தான். தலையில் ஈரத்துண்டு, வாயில் செட், இரண்டு சுற்று சதை. நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். முறுக்குக் கடிக்கிறாயா, ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுகிறாயா, மார்க் எவ்வளவு, கூரையில் போட்ட பல்லைக் காக்கா தூக்கிக்கொண்டு போகவில்லையே என்று, அவனைப் பேசவே விடாமல் நானே கேள்வியும் பதிலுமாகப் போய்க்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். வாயைத் திறந்தான். விரலை அந்த ஓட்டையின்மேல் வைத்துக் காட்டினான்.

"நான் கூரைல போட்டுட்டேன். புதுப் பல்லுக்கு நீங்கதான் லேட்டு."